யார் சொன்னீர்கள், எப்போது சொன்னீர்கள்?

மெட்ரோவில் இறங்கி அசோக் பில்லரைப் பார்த்ததுமே எனக்கு வயிறு கலங்கிவிடுகிறது. வேலைக்குப் பயந்து இல்லை. எத்தனை கிளையன்ட் கணக்கை வேண்டுமானாலும் கொடுங்கள், ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து முடித்துக் கொடுப்பேன். கூட வேலை பார்ப்பவர்கள் என்னை ஒரு மனுஷியாகவே மதிக்காமல் நடத்துகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

நான் செய்த குற்றம் என்ன? ஒரு பில்லில் தேதியை மாற்றிப் போடச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். அவ்வளவுதான்! மறுநாளிலிருந்து நான் டிபன் பாக்ஸைத் திறந்தால் பக்கத்து நாற்காலி காலியாகிறது. "அக்கா, உங்க வத்தக்குழம்பு கொஞ்சம் ஊத்துங்க" என்று உரிமையோடு தட்டை நீட்டிய பெண், பாதிச் சாப்பாட்டில் மூடியைப் போட்டுக்கொண்டு எழுந்து போகிறாள். என்னை விட்டுவிட்டுத் தனியாக ஒரு வாட்ஸ்அப் குரூப். கிளையன்ட் அனுப்பும் திருத்தங்கள் அதில்தான் வருகின்றன. அப்படி ஒன்று என் கைக்கு வராமலே போய், 20-ம் தேதி போக வேண்டிய ஜிஎஸ்டிஆர்-3பி வரிக் கணக்கு பிந்தியது. நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். "அவங்ககிட்ட அப்பவே சொல்லியாச்சே சார்!" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். யார் சொன்னீர்கள்? எப்போது சொன்னீர்கள்? ஒருவராவது என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்களேன்!

மேலதிகாரியிடம் போய் அழுதால், "ஆபீஸ்னா அப்படித்தாம்மா, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்கிறார்.

எதை அட்ஜஸ்ட் செய்வது? வேலைக்கு வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும், ஒருவரை ஒதுக்கிவைப்பதும் கொடுமை என்று ஸ்வீடன் 1993-லேயே விதி எழுதிவிட்டது. ஹைன்ஸ் லேமன் என்ற உளவியலாளர் அங்கே என்னைப் போன்றவர்களின் கதைகளைக் கேட்டுக் கேட்டு எழுதினார். இங்கே பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிராக 2013-ல் சட்டம் வந்தது. பத்துப் பேர் வேலை செய்தாலே புகார்க் குழு வைத்தாக வேண்டும். பெண்கள் போராடிப் பெற்ற சட்டம் அது. ஆனால் என் புகாரை எந்தக் குழு வாங்கும்? பணியிடத் துன்புறுத்தலுக்கு எதிராக சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019-ல் கொண்டுவந்த 190-வது உடன்படிக்கையை இந்தியா ஏற்கவே இல்லை.

தூக்கம் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே நெஞ்சு படபடக்கிறது. "வேலையை விட்டுடு" என்கிறார்கள் வீட்டில். நான் ஏன் விட வேண்டும்? பொய்க் கணக்கு எழுத மறுத்தவள் நான்!

இப்போது விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது. கையெழுத்துப் போட மாட்டேன். அந்தத் திருத்தத்தை யார், எந்தத் தேதியில் எனக்கு அனுப்பினார்கள் என்று முதலில் நீங்கள் எழுதிக் கொடுங்கள்.