வெயிலில் டயர் வெடித்தால் அது 'கடவுள் செயலா'? கார் டயர் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

மே மாத விடுமுறை. காரில் அஞ்சு பேர், டிக்கி நிறைய லக்கேஜ். சென்னையில் இருந்து திருநெல்வேலி பக்கம் இருக்கும் குலதெய்வக் கோயிலுக்குப் பயணம். கத்திரி வெயில் கொளுத்தும் மதிய நேரத்தில், நான்குவழிச் சாலையில் 100 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருந்த கார் திடீரென ஒரு பக்கமாக இழுக்கிறது. டயர் வெடிச்சிடுச்சு!

கோடை வந்தாலே இப்படிப்பட்ட விபத்துச் செய்திகளும் வந்துவிடுகின்றன. 'வெயில் தாங்காம டயர் வெடிச்சிடுச்சு, யார் என்ன பண்ண முடியும்?' என்று சொல்லிவிட்டுப் பலரும் கடந்துபோகிறார்கள். உண்மையிலேயே வெயில்தான் காரணமா? நம்ம ஊர் சூட்டுக்கு எந்த மாதிரி டயர் வாங்கணும்? விரிவாகப் பார்க்கலாம்.

நீதிமன்றம் சொன்னது என்ன?

2010 அக்டோபரில், புனேயில் இருந்து மும்பைக்கு வந்துகொண்டிருந்த கார் ஒன்றின் பின்பக்க டயர் வெடித்தது. கார் பள்ளத்தில் விழுந்ததில், உள்ளே இருந்த ஒருவர் உயிரிழந்தார். அவருடைய குடும்பத்துக்குச் சுமார் 1.25 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

காப்பீட்டு நிறுவனம் இதை எதிர்த்து மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 'டயர் வெடித்தது கடவுளின் செயல், ஓட்டுநரின் அலட்சியம் இல்லை' என்பது அந்த நிறுவனத்தின் வாதம். 2023-ல் உயர் நீதிமன்றம் இதை ஏற்க மறுத்து, மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அதிக வேகம், காற்று குறைவாகவோ அதிகமாகவோ இருப்பது, செகண்ட் ஹேண்ட் டயர், வெப்பநிலை எனப் பல காரணங்களால் டயர் வெடிக்கலாம்; பயணத்துக்கு முன் டயரின் நிலையைப் பார்ப்பது ஓட்டுநர் அல்லது உரிமையாளரின் பொறுப்பு என்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது.

அதாவது, 'வெயில் மேல பழி போட முடியாது' என்பதுதான் தீர்ப்பின் சாரம். டயர் பற்றிய அறிவியலும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது.

வெயிலைவிட ஆபத்தானது காற்று குறைவு

டயர் சூடாவதற்குக் கொதிக்கும் தார்ச்சாலை ஒரு காரணம் மட்டுமே. டயர் உருளும்போது தரையில் படும் பகுதி ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி, மறுபடி நிமிர்கிறது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் சூடாகும் இல்லையா, அதே கதைதான் இங்கேயும்.

காற்று குறைவாக இருந்தால் டயர் அதிகமாக நசுங்கும், அதனால் அதிகமாகச் சூடாகும். இதோடு ஓவர் லோடு, அதிக வேகம், 40 டிகிரி வெயில் எல்லாம் சேர்ந்தால், டயருக்குள் இருக்கும் ரப்பரும் ஸ்டீல் பெல்ட்டும் பிரிய ஆரம்பிக்கும். அது முற்றினால் டயர் வெடிக்கும்.

'வெயில் காலம்ணே, காத்து கொஞ்சம் கம்மியாவே இருக்கட்டும்' என்று பெட்ரோல் பங்கில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். சூட்டில் காற்று விரிவடையும் என்பது உண்மைதான். 32 பிஎஸ்ஐ வைத்த டயர் 30 டிகிரி கூடுதலாகச் சூடானால், அழுத்தம் 4 முதல் 5 பிஎஸ்ஐ வரை ஏறும். ஆனால் நல்ல நிலையில் இருக்கும் டயர் இந்த ஏற்றத்தைத் தாங்கும் விதமாகத்தான் தயாரிக்கப்படுகிறது. முன்கூட்டியே காற்றைக் குறைத்தால், நசுங்கல் அதிகமாகி சூடும் அதிகமாகும். பாதுகாப்புக்குன்னு நினைச்சுச் செய்வது, ஆபத்தை வரவழைக்கும்.

எவ்வளவு காற்று வைக்கணும் என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். பல கார்களில் ஃபுல் லோடுக்குத் தனி அளவு போட்டிருப்பார்கள். குடும்பத்தோடு வெளியூர் போகும்போது அந்த அளவுதான் வேண்டும். டயர் மேல் எழுதியிருக்கும் 'அதிகபட்ச அழுத்தம்' என்பது வரம்பு மட்டுமே, வைக்க வேண்டிய அளவு அல்ல. காலையில் வண்டியை எடுத்ததுமே, டயர் குளிர்ந்திருக்கும்போது செக் பண்ணுவதுதான் சரி.

நைட்ரஜன் அடிச்சா பிரச்சினை தீருமா? நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சுத்தமான நைட்ரஜன் மெதுவாகக் கசியும், ஈரப்பதமும் இருக்காது. ஆனால் சூட்டில் அதுவும் கிட்டத்தட்ட அதே அளவு விரியும். அடிப்பதில் தப்பில்லை, ஆனால் அழுத்தத்தைப் பார்க்காமல் விடக் கூடாது.

டயரில் இருக்கும் எண்களுக்கு என்ன அர்த்தம்?

கடைக்குப் போனதும் விலையைக் கேட்பதற்கு முன், டயரின் சைடுவாலைப் படிக்கணும். உதாரணத்துக்கு, '185/65 ஆர்15 88எச்' என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம்.

185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்றால் சைடுவாலின் உயரம் அகலத்தில் 65 சதவீதம். 'ஆர்' என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

அடுத்து வரும் 88-ம் 'எச்'-சும்தான் பலரும் கவனிக்காமல் விடுபவை. 88 என்பது லோடு இண்டெக்ஸ். இந்த ஒரு டயர் அதிகபட்சம் 560 கிலோ தாங்கும் என்று அர்த்தம். இதுவே 84 என்றால் 500 கிலோ. 'எச்' என்பது வேகக் குறியீடு. 'டி' என்றால் 190, 'எச்' என்றால் 210, 'வி' என்றால் 240 கி.மீ. வேகம் வரை தாங்கும்.

'நான் 100-க்கு மேல போறதே இல்ல, எனக்கு எதுக்கு 210?' என்று கேட்கலாம். வேகக் குறியீடு என்பது டயர் எவ்வளவு சூட்டைச் சமாளிக்கும் என்பதையும் மறைமுகமாகக் காட்டுகிறது. அதனால் கார் நிறுவனம் பரிந்துரைத்த லோடு இண்டெக்ஸ், வேகக் குறியீடு இரண்டையும்விடக் குறைவான டயரை, விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்கக் கூடாது.

சில டயர்களில் அமெரிக்கத் தரக் குறியீடுகளும் இருக்கும். அதில் 'டெம்பரேச்சர்' என்ற இடத்தில் ஏ, பி, சி என மூன்று கிரேடு உண்டு. ஏ என்றால் சூட்டைச் சிறப்பாகத் தாங்கும், சி என்றால் குறைந்தபட்சத் தரம். எல்லா டயரிலும் இது இருக்காது. இருந்தால், நம்ம ஊருக்கு ஏ கிரேடுதான் நல்ல தேர்வு.

டயருக்கும் 'பிறந்த தேதி' உண்டு

சைடுவாலில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2325 என்றால், 2025-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரான டயர். இது பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். அந்தப் பக்கத்தை உள்ளே வைத்து மாட்டிவிட்டால், வெளியில் நின்று பார்த்தால் தெரியாது. அதனால் மாட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. ஆஃபரில் கிடைக்கும் டயர் என்றால் கண்டிப்பாகப் பார்க்கணும்.

ஏன் இது முக்கியம்? ஓட்டாமல் வைத்திருந்தாலும் ரப்பருக்கு வயசாகும். வெப்பமும் ஆக்சிஜனும் சேர்ந்து அதன் நெகிழ்வைக் குறைக்கும். அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் தரவு இதைக் காட்டுகிறது. அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் 27 சதவீதம் பேர்தான் டெக்சாஸ், கலிஃபோர்னியா, லூசியானா, ஃப்ளோரிடா, அரிசோனா ஆகிய வெப்பமான மாநிலங்களில் இருந்தார்கள். ஆனால் டயர் தொடர்பான இழப்பீட்டுக் கோரிக்கைகளில் 77 சதவீதம் அங்கிருந்துதான் வந்தன. அவற்றில் 84 சதவீதம், 6 ஆண்டுகளைக் கடந்த டயர்கள்.

இந்தியாவில் பலர் தப்பு செய்யும் இடமும் இதுதான். 'வண்டி 20 ஆயிரம் கி.மீ.தான் ஓடியிருக்கு, பட்டன் எல்லாம் புதுசு மாதிரி இருக்கு' என்று 7, 8 வருஷ டயரில் ஊருக்குக் கிளம்புகிறார்கள். 5 ஆண்டுகள் ஆனதும் வருஷம் ஒருமுறை டயரைச் சோதிக்க வேண்டும், எப்படி இருந்தாலும் 10 ஆண்டுகளில் மாற்றிவிட வேண்டும் என்பது டயர் நிறுவனங்களின் பொதுவான அறிவுரை. சில கார் நிறுவனங்கள் 6 ஆண்டுகளிலேயே மாற்றச் சொல்கின்றன. தமிழ்நாட்டு வெயிலில் நிற்கும் காருக்கு இந்த 6 ஆண்டுக் கணக்குதான் பாதுகாப்பானது. டிக்கியில் சும்மா கிடக்கும் ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான்.

வெயில் மட்டும் இல்ல, மழையும் இருக்கு

மே மாதம் 40 டிகிரியில் ஓடிய அதே டயர், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையிலும் பிரேக் பிடிக்கணும். அதனால் 'எத்தனை கி.மீ. ஓடும்?' என்ற ஒரே கேள்வியை வைத்து டயர் வாங்குவது சரியில்லை. கடினமான ரப்பர் கலவை அதிக நாள் உழைக்கும், ஆனால் ஈரச் சாலையில் பிடிப்பு குறையலாம். சிலிகா கலந்த டயர்கள் ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும்.

இந்தியாவில் ஈரப்பிடிப்பு, உருளும்போது ஏற்படும் இழுவை, சத்தம் ஆகிய மூன்றுக்கும் குறைந்தபட்சத் தரத்தை நிர்ணயித்து மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022 ஜூனில் அறிவிக்கை வெளியிட்டது. புதிய டிசைன் டயர்களுக்கு 2022 அக்டோபர் 1-ம் தேதி முதல் இது கட்டாயமானது. ஐஎஸ்ஐ முத்திரை அதற்கு முன்பே கட்டாயம்.

கார் டயரின் ட்ரெட் ஆழம் குறைந்தது 1.6 மி.மீ. இருக்க வேண்டும் என்பது சட்டம். பள்ளங்களுக்கு நடுவே சின்ன மேடுகள் இருக்கும். அந்த மேட்டுக்குச் சமமாக ட்ரெட் தேய்ந்துவிட்டால், அது மொட்டை டயர்தான். மழையில் பிரேக் அடித்தால் கார் வழுக்கிக்கொண்டு போகும்.

செகண்ட் ஹேண்ட் டயர் லாபமா?

பாதி விலைக்குக் கிடைக்கும் பழைய டயரில், தேய்மானம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். காற்று இல்லாமல் ஓட்டியதால் உள்ளே ஏற்பட்ட சேதம் தெரியாது. தேய்ந்த டயரில் பள்ளத்தை மறுபடி வெட்டி, புதுசு போலக் காட்டும் வேலையும் நடக்கிறது. வெட்ட வெட்ட, ஸ்டீல் பெல்ட்டுக்கு மேல் இருக்கும் ரப்பர் மெலிதாகும்.

இன்னொரு விஷயம், 2025 செப்டம்பர் 22-ம் தேதி முதல் புதிய கார் டயர்களுக்கான ஜிஎஸ்டி 28-ல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. வரிக்கு முன் 5,000 ரூபாய் விலையுள்ள டயர், முன்பு 6,400 ரூபாய். இப்போது 5,900 ரூபாய். நாலு டயருக்கு 2,000 ரூபாய் மிச்சம். பில் கேட்டால், இந்த வரி குறைந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடலாம். உற்பத்திக் குறைபாட்டுக்கு வாரண்டி கேட்கவும் அந்த பில்தான் உதவும்.

ரெண்டு டயர் மட்டும் மாத்தினா எங்கே போடணும்?

'புது டயரை முன்னாடி போடுங்க' என்பதுதான் பலரும் சொல்வது. ஆனால் டயர் நிறுவனங்களின் பரிந்துரை, புதுசைப் பின்னால் போடுவது. மழையில் முன் சக்கரம் வழுக்கினால் கார் நேராகப் போகும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்க வாய்ப்பு உண்டு. பின் சக்கரம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும், அதைச் சமாளிப்பது ரொம்பக் கஷ்டம்.

கடையில் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. தயாரான வாரம், வருஷம் என்ன? ஒரு வருஷத்துக்குள் தயாரானதா?

2. கதவு ஸ்டிக்கரில் இருக்கும் அதே சைஸா?

3. லோடு இண்டெக்ஸும் வேகக் குறியீடும் கம்பெனி சொன்னதற்குக் குறையாமல் இருக்கா?

4. ஐஎஸ்ஐ முத்திரை இருக்கா?

5. ஜிஎஸ்டி பில், வாரண்டி கிடைக்குமா?

ஓடும்போது டயர் வெடித்துவிட்டால், பிரேக்கை அழுத்தி மிதிக்கக் கூடாது. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, காரை நேராக வைத்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரில் இருந்து மெதுவாகக் காலை எடுக்க வேண்டும். வேகம் தானாகக் குறைந்த பிறகு ஓரம் கட்டலாம்.

வெயிலை யாராலும் குறைக்க முடியாது. ஆனால் டயரின் வயசு, காற்று, லோடு, வேகம் நான்கும் வண்டி வைத்திருப்பவர் கையில்தான் இருக்கின்றன. அடுத்த முறை ஊருக்குக் கிளம்பும் முன் 5 நிமிஷம் ஒதுக்கி, ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயரின் தேதியையும் காற்றையும் பார்த்துவிடுங்கள்.