படியெடுத்தலும் மீட்டெடுத்தலும்

எழுதி வைத்த பொருள் எக்காலத்தும் நிற்குமென்று நம்புதல் மக்களின் இயல்பு. கல்லில் வெட்டியோரும், செப்பேட்டில் பொறித்தோரும், பனையோலையில் எழுத்தாணி கொண்டு கீறினோரும் அவ்வாறே நம்பினர். இக்காலத்து நாம் கணிப்பொறியின் ஹார்ட் டிஸ்க்கில் எழுதிவிட்டு, அதே நம்பிக்கையுடன் உறங்கச் செல்கின்றோம். ஒருநாட் காலையில் அப்பெட்டிக்குள்ளிருந்து ‘டக், டக்’ என்னும் ஓசை மட்டும் எழ, திரையில் யாதொன்றும் தோன்றாதொழியின், அப்பொழுதுதான் நம் நம்பிக்கையின் அடிப்படை எத்துணை மெலிந்தது என்பது விளங்குகின்றது. இவ்விஷயத்தில் நம் அபிப்பிராயத்தைக் கலாசாலை மாணாக்கர்க்கும் ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் சில சொற்களில் தெரிவித்துக்கொள்ள விரும்புகின்றோம்.

இஃது ஏதோ பெருநகரத்தாரின் கவலை என்று எவரும் ஒதுக்கற்க. 2011-ஆம் ஆண்டில் தமிழக அரசினர் மாணாக்கர்க்கு விலையின்றி லேப்டாப் வழங்கத் தொடங்கிய பின்னர், முல்லையாற்றங்கரை வீரபாண்டியிலும் கம்பம் பள்ளத்தாக்கின் ஏனைய ஊர்களிலும், ஏட்டையும் எழுதுகோலையும் மட்டுமே கண்டிருந்த வீடுகளுக்குள்ளும் கணிப்பொறி புகுந்தது. திராட்சைத் தோட்டத்தாரின் கணக்கும், ஏலக்காய் வணிகரின் பேரேடும், கௌமாரியம்மன் கோயிற் சித்திரைத் திருவிழாவில் எடுத்த நிழற்படங்களும், முதியோர் வாயிலாகக் கேட்டுப் பதிந்த நடவுப் பாட்டுக்களும், ஆராய்ச்சி மாணாக்கரின் பல்லாண்டு உழைப்பும் இன்று இப்பெட்டிகளுக்குள்ளேயே கிடக்கின்றன. இவற்றுள் கணக்கை எவ்வாறேனும் மீண்டும் எழுதிக்கொள்ளலாம். பாடிய பாட்டி மறைந்த பின்னர் அப்பாட்டை யாரிடம் போய்க் கேட்பது?

ஹார்ட் டிஸ்க்கின் இயல்பை முதற்கண் அறிதல் நலம். 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். கம்பெனியார் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க் யந்திரத்தில் இரண்டடி விட்டமுள்ள தட்டுக்கள் 50 இருந்தன. யந்திரத்தின் எடையோ ஒரு டன்னுக்கு மேற்பட்டது. அது கொண்டவை ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துக்களே. இன்று உள்ளங்கையில் அடங்கும் ஒரு டெராபைட் பெட்டி அதனினும் இரண்டு இலட்சம் மடங்கு கொள்கின்றது. உள்ளே கண்ணாடி அல்லது அலுமினியத் தட்டின்மேல் மெல்லிய காந்தப் பூச்சு உண்டு. தட்டு நிமிஷத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றது. எழுதவும் படிக்கவும் வல்ல ஹெட் என்னும் முனை தட்டைத் தொடாது, சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கின்றது. தலைமயிர் ஒன்றின் கனமே பல்லாயிரம் நானோமீட்டர் எனின், அவ்விடத்தில் ஒரு தூசு மலையாகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இதற்கு உண்டாகும் கேடுகளை மூவகையாகப் பகுக்கலாம். முதலாவது, தட்டு நலமாயிருப்ப அதன் அட்டவணை மட்டும் கெடுதல். ஒரு கோப்பை நாம் அழிக்கும்போது அட்டவணையிலுள்ள குறிப்பே நீங்குகின்றது. எழுத்தோ, அதன்மேல் வேறெழுத்து விழுங்காறும் அங்கேயே இருக்கின்றது. ஆதலின், தவறு நேர்ந்ததை உணர்ந்த கணமே அத்தட்டில் யாதொன்றும் எழுதாது நிறுத்துவோர் பெரும்பாலும் இழந்ததைப் பெறுவர். டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் முதலிய மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன. அவற்றை இழந்த தட்டிலேயே நிறுவுவது, புதையலைத் தேடுவதற்கு அதன்மேலேயே வீடு கட்டுவதை ஒக்கும். இரண்டாவது, மின்னழுத்தம் ஏறி மின்சுற்றுப் பலகை கருகுதல். அதே மாதிரிப் பலகையை வாங்கி மாட்டினாற் போதும் என்பர் சிலர். இக்காலத் தட்டுக்கள் பலவற்றில் அவ்வத் தட்டிற்கே உரிய அளவுக் குறிப்புக்கள் பலகையிலுள்ள சில்லில் இருத்தலின், அவற்றையும் மாற்றிப் பொருத்த வல்லார் வேண்டும். மூன்றாவது, முனை பழுதாதலும் மோட்டார் நின்றுபோதலும். முன்னே கூறிய ‘டக், டக்’ ஓசை பெரும்பாலும் இதன் அறிகுறி. இந்நிலையில் மின்சாரம் ஊட்டுந்தோறும் முனை காந்தப் பூச்சைச் சுரண்டக்கூடும். சுரண்டிய தூளை எழுத்தாக்க வல்ல வித்தகர் இவ்வுலகில் இலர்.

நிற்க. ஊரில் வழங்கும் கைவைத்தியங்கள் சில உள. தட்டைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தெடுத்தல் ஒன்று. எடுத்தபின் அதன் உள்ளே நீர்த்துளி படிந்து கேடு மிகும். திருகாணியைக் கழற்றி வீட்டிலேயே திறந்து பார்த்தல் மற்றொன்று. தூசின் கதையை மேலே கூறினோம். ‘ஃபார்மட் செய்யலாமா?’ என்று கணிப்பொறி வினவுங்கால் ஆமென்று விடையளித்தல் பிறிதொன்று. கைதேர்ந்தோர் செய்யும் முறை இவற்றின் வேறானது. அவர்கள் தூசு நீக்கிய அறையில், அதே இனத்துத் தட்டொன்றின் முனையை எடுத்துப் பொருத்தி, முதலில் தட்டு முழுவதற்கும் ஒரு படி எடுத்துக்கொள்வர். பின்னர்ச் செய்யும் ஆராய்ச்சி முற்றும் அப்படியின் மேலதே. மூலத்தைத் தொடாமை அவர்தம் முதல் விதி.

அவர்தம் வன்மைக்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. 2003-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளன்று கொலம்பியா விண்வெளி ஓடம் வானிற் சிதைந்தபோது, கர்னால் நகரில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரும் உயிர் நீத்தனர். அவ்வோடத்தில் செனான் வாயுவைப் பற்றிய சோதனையின் முடிவுகளைத் தாங்கிய ஹார்ட் டிஸ்க் ஒன்று டெக்ஸாஸ் மாகாணத்தில் வெந்து கருகிய நிலையிற் கண்டெடுக்கப்பட்டது. மினியாபொலிஸ் நகரத்து வல்லுநர் தட்டுக்களைத் துடைத்து வேறு பெட்டியிற் பொருத்தி, ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எழுத்துக்களைப் படித்துவிட்டனர். அச்சோதனையின் முடிவு 2008-ஆம் ஆண்டில் அச்சேறியது. எழுத்துக்கள் இருந்த பகுதி சிதையாது நின்றமையும், அக்கணிப்பொறியில் இயங்கிய டாஸ் என்னும் பழைய முறை எழுத்துக்களைத் தட்டெங்கும் சிதறாமல் ஓரிடத்தே வைத்திருந்தமையும் இவ்வெற்றிக்குக் காரணங்கள். அதே ஓடத்திலிருந்து கிடைத்த வேறிரண்டு தட்டுக்கள் ஒன்றுக்கும் உதவவில்லை என்பதை மட்டும் இக்கதையைக் கூறுவோர் மறந்துவிடுகின்றனர்.

நாம் வற்புறுத்தக் கருதுவதும் இதுவே. கண்ணொளி இழந்த பாண்டியன் இவ்வூரில் அதனை மீளப் பெற்றான் என்பது வீரபாண்டித் தலவரலாறு. ஒவ்வொரு தட்டிற்கும் அத்தகைய வரம் கிட்டுமென்று எதிர்பார்த்தல் தகாது. மீட்பு என்பது பேறு. படியெடுத்தல் என்பது கடமை. மீட்பிற்குப் பல்லாயிரம் ரூபாய் செல்லும். படியெடுப்பதற்கு வேண்டும் இரண்டாவது தட்டின் விலை அதனிற் சிறுபகுதியே. மேலும், இப்பொழுது பரவிவரும் எஸ்.எஸ்.டி. வகையில், அழித்த பொருளைத் தானே துடைத்துவிடும் டிரிம் என்னும் ஏற்பாடு உளது. அங்கே மீட்பின் கதவு முன்னினும் குறுகியது.

நம் முன்னோர் இதனை நன்கறிவர். ஓலை செல்லரிக்கும் என்று உணர்ந்தே தலைமுறைதோறும் படியெடுத்து வந்தனர். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் 1887-இல் சீவகசிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் அச்சிட்டது எங்ஙனம்? ஊரூராகச் சென்று பல படிகளைத் தேடி, ஓரேட்டிற் சிதைந்ததைப் பிறிதோரேட்டிற் கண்டு நிரப்பியதனாலன்றோ? படியொன்றும் இல்லாத நூல்களை அப்பேரறிஞராலும் மீட்க இயலவில்லை. 1981-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அச்சிட்ட நூல்களை வேறிடத்தினின்றும் வாங்க முடிந்தது. ஒற்றைப் படியாயிருந்த சுவடிகள் சென்றன சென்றனவே.

இதற்கு மறுப்பாகச் சிலர் கூறுவனவற்றையும் ஆராய்வோம். ‘தட்டு பழுதாகுமுன் அறிகுறி காட்டும், அப்பொழுது பார்த்துக்கொள்ளலாம்’ என்பர். கூகுள் நிறுவனத்தார் ஒரு இலட்சத்திற்கு மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட கட்டுரையில், பழுதானவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை முதன்மையான நான்கு அறிகுறிகளுள் ஒன்றையும் காட்டவில்லை எனக் கண்டனர். ‘எல்லாம் இணையத்தில் இருக்கின்றதே’ என்பார் வேறு சிலர். இணையத்தோடு ஒத்தியங்கும் கோப்பு, இங்கே அழிந்தால் அங்கும் அழியும்; கடவுச்சொல்லை இழந்தால் இரண்டும் போம். அது நல்லதொரு படியே. ஒரே படியாதல் கூடாது. ‘தம் பொருளைக் காத்தல் அவரவர் பாடு, கலாசாலை ஏன் தலையிட வேண்டும்?’ என்பாரும் உளர். ஓர் ஊரார் தம் பாட்டையும் பழங்கதையையும் மாணாக்கர் ஒருவரிடம் சொல்லியது அவரை நம்பி மட்டுமன்று. அவர் பயிலும் கலாசாலையையும் நம்பியே சொல்லினர். ஆதலின் அப்பொறுப்பில் கலாசாலைக்கும் பங்குண்டு என்பது நம் துணிபு.

ஆகவே, மூன்று ஏற்பாடுகளை நம் கலாசாலை அதிகாரிகளின் திருவுள்ளத்திற்குக் கொணர்கின்றோம். ஒன்று: ஆராய்ச்சிக் கட்டுரையும் களப்பதிவும் மூன்று படிகளாக, இருவேறு வகைச் சாதனங்களில், ஒன்றேனும் வேறூரில் இருக்குமாறு வைக்கப்பட வேண்டும். மாணாக்கர் கட்டுரையைச் சமர்ப்பிக்குங்கால் வழிகாட்டியின் கையொப்பத்தோடு இதற்கும் ஒரு கையொப்பம் பெறுக. ஏழை மாணாக்கர்க்குப் பொதுத் தட்டொன்றில் இடமளித்தல் நூலகத்தின் கடனாகுக. இரண்டு: பருவத்திற்கொருமுறை அப்படிகளைத் திறந்து படித்துப் பார்க்க வேண்டும். 1998-இல் ‘டாய் ஸ்டோரி 2’ என்னும் படத்தின் பெரும்பகுதி தவறான ஒரு கட்டளையால் அழிந்தபோது, காப்புப் படியும் முறையாக வேலை செய்யவில்லை என்பது வெளியாயிற்று; பணியாளர் ஒருவர் தம் வீட்டில் வைத்திருந்த படியே அதனைக் காத்தது. திறந்து பாராத படி, படியன்று. மூன்று: பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ்க் கோப்புக்களை யூனிகோடு முறைக்கு மாற்றிவைக்க வேண்டும். தட்டு பிழைத்தும் எழுத்தைப் படிக்கும் வகை இல்லாவிடின், மீட்டதனால் பயன் என்னை?

மாணாக்க நண்பர்காள்! விடுமுறைக்கு ஊர் செல்லுமுன் நும் லேப்டாப்பிலுள்ளவற்றுள் மீண்டும் எழுத முடியாதது எதுவென ஒருகால் எண்ணிப் பார்மின். அதற்கு இன்றே ஒரு படி எடுமின். நாளை எடுப்போம் என்று வைத்த தட்டே பெரும்பாலும் மீட்பாரிடம் செல்கின்றது.