தாயும் சேயும்: பாலாடையில் ஐந்து மில்லி

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் நாட்டு வழக்கம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அழைத்துச் சென்று, பிள்ளை பெற்று மூன்று மாதம் கழித்தே கணவன் வீட்டுக்கு அனுப்புவர். பாட்டி, பெரியம்மாள், அத்தை என்று பல பிள்ளைகளை வளர்த்த கைகள் அவளைச் சுற்றி இருக்கும். மும்பையில் வாழும் நம் குடும்பங்களில் இவ்வழக்கம் அருகி வருகின்றது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் செல்கின்றனர். மருத்துவமும் இவ்வூரிலேயே அமைகின்றது. ஊரிலிருந்து தாயோ மாமியாரோ ரயிலேறி வந்து சேருமுன் குழந்தை பிறந்துவிடுவதும் உண்டு. முதல் மூன்று நாட்களில் எழும் ஐயங்களுக்கு விடை கூற அருகில் ஒருவரும் இல்லாமற் போகின்றனர்.

புறநகரில் வாழும் சகோதரி ஒருவர் மருத்துவமனையிலிருந்தே நமக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அவருக்கு முப்பத்து மூன்றாம் வாரத்திலேயே அறுவைச் சிகிச்சையின் மூலம் ஆண் குழந்தை பிறந்தது. குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு மாடியிலும், தாய் வேறொரு மாடியிலும் இருந்தனர். தாதி கூறியபடி கையால் பாலைப் பீய்ச்சிப் பார்த்தார். மஞ்சள் நிறத்தில் சில சொட்டுகளே வந்தன. திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அவருடைய மாமியார், "இந்த நாலு சொட்டை வைத்து என்னம்மா செய்வது? பிள்ளை பசியால் வாடுமே, டப்பாப் பால் வாங்கச் சொல்லு" என்றாராம். சகோதரி அந்தச் சொட்டுகளைக் கொட்டிவிட்டார். "இனி வருவதாவது குழந்தைக்கு உதவுமா, அன்றி நான் வீணாக என்னை வருத்திக்கொள்கிறேனா?" என்பது அவர் கேள்வி. அவருக்கு அன்றே விடை எழுதினோம். இதே நிலை வேறு பலருக்கும் நேரக்கூடும் ஆதலின், அதனை இங்கே விரித்து எழுதுகிறோம்.

முதலில் அந்த அம்மையாரின் கவலைக்கு விடை கூறுவோம். பேரப்பிள்ளை பசித்திருக்குமே என்று வருந்துவது இயல்பே. ஆனால் நிறைமாதத்தில் பிறந்த நலமான குழந்தைக்கே முதல் நாளில் ஒரு வேளைக்கு 2 முதல் 10 மில்லி வரையிற்றான் தேவைப்படுகின்றது. இரண்டாம் நாளில் அது 5 முதல் 15 மில்லி, மூன்றாம் நாளில் 15 முதல் 30 மில்லி என்று சிறிது சிறிதாக வளர்கின்றது. ஒரு தேக்கரண்டி என்பது 5 மில்லி. எனவே நாம் 'நாலு சொட்டு' என்று எண்ணுவது குழந்தையின் கணக்கில் அவ்வளவு சிறிதன்று. குறைமாதக் குழந்தைக்கு அளவு இன்னும் குறைவாகவே இருக்கும். அதனை மருத்துவர் எடையைக் கொண்டு முடிவு செய்வார்.

அந்த மஞ்சள் நிறப் பாலே சீம்பால். பசு கன்றீன்றதும் சுரக்கும் சீம்பாலை நாம் அருமையாகப் போற்றுகிறோம். மனிதத் தாயின் சீம்பாலையோ 'கெட்ட பால்' என்று பிழிந்து கொட்டும் பழக்கம் பல இடங்களில் இருந்து வந்தது. நோய்க்கிருமிகளை எதிர்க்கும் புரதங்களும் வெள்ளணுக்களும் இதில் மிகுதி. குறைமாதக் குழந்தைகளின் குடலைத் தாக்கும் கொடிய அழற்சி ஒன்று உண்டு; தாய்ப்பால் பெறும் குழந்தைகளுக்கு அது நேர்வது குறைவு. வாயால் குடிக்க இயலாத குழந்தைக்கும் சில துளிச் சீம்பாலைக் கன்னத்தின் உட்புறத்தில் தடவும் முறை பல மருத்துவமனைகளில் கையாளப்படுகின்றது.

பால் பெருகுவதற்கு ஏன் இரண்டு மூன்று நாள் ஆகின்றது? நஞ்சுக்கொடி வெளியேறிய பின்னர், பாற்சுரப்பைத் தடுத்து நிறுத்தியிருந்த புரோஜெஸ்டிரோன் என்னும் சுரப்புநீர் தாயின் இரத்தத்தில் குறைகின்றது. அதன் பின்பே பால் பெருகத் தொடங்கும். பெரும்பாலான தாய்மார்க்கு இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் இது நிகழும். அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்க்கும், குறைமாதத்தில் பெற்றவர்க்கும் சிறிது தாமதமாகலாம். பால் பெருகிய பின்னர், எடுக்க எடுக்கவே அது ஊறும். எடுக்காமல் தேங்கினால் சுரப்புக் குறையும். மணற்கேணிக்கும் இதற்கும் இயல்பு ஒன்றே. குழந்தை அருகில் இல்லாத தாய் முதல் மணி நேரத்திலோ, இயலாவிடின் ஆறு மணி நேரத்துக்குள்ளோ பீய்ச்சத் தொடங்குவது நன்று. பின்னர் நாளொன்றுக்கு எட்டு முறையேனும், இரவில் ஒரு முறையையும் விடாமல், எடுத்து வருதல் வேண்டும்.

முதல் நாட்களில் கருவியைக் காட்டிலும் கையே சிறந்தது. சீம்பால் தடித்தது, அளவும் சிறிது, கருவியின் குழாயிலும் கிண்ணத்திலும் ஒட்டி வீணாகிவிடும். கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, மார்பை மெல்ல நீவிவிட்டுக் கொள்க. கட்டைவிரலைக் காம்பைச் சுற்றியுள்ள கரிய வட்டத்தின் மேற்புறத்திலும், சுட்டுவிரலை அதற்கு நேர் கீழும் வைக்க. முதலில் மார்புக்கூட்டை நோக்கிச் சற்றே உள்ளே அழுத்தி, பின் இரு விரல்களையும் ஒன்றை நோக்கி ஒன்று அழுத்தி விடுக. தோலின் மீது விரல் வழுக்குதல் கூடாது. காம்பை இழுத்தலும் கூடாது. முறை சரியாக இருப்பின் வலி இராது. ஒரு பக்கம் மூன்று முதல் ஐந்து நிமிடம், பின் மறுபக்கம் என்று மாற்றி மாற்றி இருபது முப்பது நிமிடம் எடுக்கலாம். சொட்டுகளைத் தூய கரண்டியிலோ ஊசியில்லாத சிறு சிரிஞ்சிலோ ஏந்திக் கொள்ளலாம். பால் பெருகிய பின் கருவியைப் பயன்படுத்துவோர், தம் அளவுக்குப் பொருந்தும் புனலைத் தேர்ந்து, ஒவ்வொரு முறையும் பால் படும் உறுப்புகளைக் கழுவி உலர்த்தி வைத்தல் வேண்டும்.

எடுத்த பாலை உடனே கொடுப்பது எல்லாவற்றினும் மேல். 25 பாகை செல்சியசுக்கு மேற்படாத அறையில் அது 4 மணி நேரம் கெடாது. மும்பையின் வெக்கையில் அவ்வளவு நேரம் வெளியே வைத்தல் தகாது. வீட்டில், நிறைமாதக் குழந்தைக்கு, குளிர்சாதனப் பெட்டியின் உட்பகுதியில் 4 நாள் வரை வைக்கலாம். கதவுத் தட்டில் வைக்க வேண்டா. மருத்துவமனையில் இருக்கும் குழந்தைக்கு அங்குள்ள விதியையே பின்பற்றுக. பாத்திரத்தின் மேல் தாயின் பெயர், தேதி, நேரம் மூன்றையும் எழுதுதல் இன்றியமையாதது. அப்பாலை அடுப்பில் வைத்துக் காய்ச்சுதல் கூடாது. பாத்திரத்தை வெந்நீரில் சிறிது நேரம் வைத்தாலே போதும்.

இனி ஊட்டும் முறை. உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சு விடுதல் மூன்றையும் இசைவாகச் செய்யும் திறன் பெரும்பாலும் 34 வாரம் நிறைந்த பின்னரே குழந்தைக்கு வருகின்றது. அதற்கு முன் குழாய் வழியாகவோ, சற்றுத் தேறியதும் பாலாடையாலோ ஊட்டுவர். ஆம், நம் பாட்டிமார் பரணில் போட்டுவைத்த அதே பாலாடைதான்! உலக சுகாதார நிறுவனம் 2011ஆம் ஆண்டில் எடை குறைந்த குழந்தைகளுக்காக வெளியிட்ட வழிகாட்டியில், கிண்ணம், கரண்டி ஆகியவற்றோடு பாலாடையையும் அப்பெயராலேயே குறித்துள்ளது. இவ்வூர் மருத்துவமனைகளில் 'வாட்டி சம்ச்சா' என்று தாதியர் கூறும் கிண்ணமும் கரண்டியும் அதே பணியைச் செய்வன. புட்டியின் ரப்பர்க் காம்பினும் இவற்றைத் தூய்மை செய்வது எளிது. பின்னர்த் தாயின் மார்பில் குடிக்கப் பழகும் குழந்தைக்கும் இவற்றால் குழப்பம் விளைவதில்லை.

கொதிநீரில் பத்து நிமிடம் இட்டெடுத்த பாலாடையில் பாலை எடுத்து, விழித்திருக்கும் குழந்தையை மடியில் தலை நிமிர்த்திப் பிடித்து, மூக்கை உதட்டோரத்தில் வைத்துச் சிறிதே சாய்க்க வேண்டும். குழந்தை விழுங்கிய பின்பே அடுத்த துளி. படுக்க வைத்துப் பாலை வாயில் ஊற்றிவிடுதல் மிக்க ஆபத்து. தாதியின் முன்னிலையில் ஓரிரு முறை செய்து பழகிக்கொள்க.

தாயின் பால் போதாதவிடத்து என் செய்வது? ஆசியாவிலேயே முதன்முதலாகத் தாய்ப்பால் வங்கி நிறுவப்பட்டது நம் மும்பையில்தான் என்பதைப் பலர் அறியார். தமிழர் பெருந்திரளாக வாழும் தாராவிக்கு அண்மையில், சயானிலுள்ள லோகமான்ய திலகர் மாநகராட்சிப் பொது மருத்துவமனையில், 1989ஆம் ஆண்டில் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் அதனைத் தோற்றுவித்தார். அத்தகைய வங்கிகளில் பால் தரும் தாய்மாரைச் சோதித்து, பெற்ற பாலைச் சூடேற்றிக் கிருமி நீக்கிய பின்பே குறைமாதக் குழந்தைகளுக்கு அளிக்கின்றனர். சோதனையின்றி அண்டை வீட்டாரிடம் பால் வாங்கிக் கொடுத்தல் அதற்கு ஈடாகாது.

வங்கிப் பாலும் கிடையாதபோது, இரத்தத்தில் சர்க்கரை குறைந்தோ எடை மிகக் குன்றியோ இருக்கும் குழந்தைக்கு மருத்துவர் மாவுப்பாலைப் பரிந்துரைத்தால், அதனை மறுத்தல் அறிவுடைமை ஆகாது. மருந்து போல் அதனையும் அளவறிந்து கொடுத்து, தம் பாலை எடுப்பதைத் தாய் விடாதிருத்தல் வேண்டும். பால் குறைந்தமை எந்தத் தாயின் குற்றமும் அன்று. ஆனால் உறவினர் தாமாகவே டப்பாப் பால் புகட்டுதல், சேனை என்று தேனும் சர்க்கரை நீரும் தொட்டு வைத்தல், கழுதைப் பால் கொடுத்தல், இவ்வூரார் கூறும் 'குட்டி' என்னும் மருந்தைப் புகட்டுதல் யாவும் கைவிடத்தக்கவை. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி வித்துகள் குழந்தையின் நரம்புகளைச் செயலறச் செய்யவல்லவை. ஓராண்டு நிறையும் வரை தேன் ஆகாது.

நிறைமாதக் குழந்தையுடன் வீடு திரும்பியவர் சில அடையாளங்களைக் கவனிக்க. ஐந்தாம் நாளுக்குப் பின் நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழிக்க வேண்டும். கரிய மலம் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். முதல் நாட்களில் எடை சிறிது குறைதல் இயல்பு. பத்தில் ஒரு பங்கை எட்டுமாயின் மருத்துவரிடம் காட்டுக. குழந்தை எழுப்பியும் குடியாமல் சோர்ந்து கிடந்தாலும், மஞ்சள் நிறம் கை கால்களுக்குப் பரவினாலும் விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது.

நமக்குக் கடிதம் எழுதிய சகோதரிக்கு ஐந்தாம் நாளில் பால் பெருகியது. மாமியார் இப்போது அந்தச் சிறு கிண்ணத்தைத் தாமே ஏந்தி, துளியும் சிந்தாமல், மாடியேறிக் கொண்டு செல்கிறார் என்று அவருடைய இரண்டாம் கடிதம் கூறுகின்றது. குழந்தை இன்னும் மருத்துவமனையில்தான் இருக்கின்றது. பாலாடையில் ஒரு வேளைக்கு 20 மில்லி குடிக்கின்றதாம்.

இறுதியாக, சங்கத்துக் குடும்பங்கள் அனைவருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை பெற்ற வீட்டைக் காணச் செல்வோர், "பால் வருகிறதா?" என்று கேட்பதை விடுத்து, ஒரு தூக்கில் ரசமும் சாதமும் கொண்டு செல்லுங்கள். இயன்றால் அந்த வீட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கொடுத்து வாருங்கள். தாய் ஒரு மணி நேரம் உறங்கி எழுந்தாளானால், அடுத்த வேளைப் பாலை எடுக்க அவளுக்குத் தெம்பு உண்டாகும்.