பள்ளித் தோட்டத்தில் ஒரு ரணகள்ளி

ஐரோப்பிய நூல்களைப் பின்பற்றி அக்டோபர், நவம்பர் மாதங்களை நாமும் ‘இலையுதிர் காலம்’ என்று எழுதிவிடுகிறோம். திண்டுக்கல்லில் அப்போது எந்த மரம் இலை உதிர்க்கிறது? வடகிழக்குப் பருவமழை பெய்து, சிறுமலை அடிவாரம் வரை பச்சை பிடிக்கும் காலம் அது. நம் முன்னோர் அதற்குக் ‘கூதிர்’ என்று பெயரிட்டனர்.

குளிர்நாட்டுத் தோட்டக்காரர்கள் அப்பருவத்தில் நிறம் காண, ‘செடம்’ என்னும் சதைப்பற்றுச் செடியை வளர்க்கிறார்கள். மற்றப் பூக்கள் ஓயும் வேளையில் அது பூக்கும். அதே கிராசுலேசிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் நம் ரணகள்ளி. ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்றால் சட்டென விளங்கும். இலையை நூலில் கட்டித் தொங்கவிட்டால் விளிம்பில் குட்டிச் செடிகள் முளைக்குமே, அதுதான். மழை ஓய்ந்து பனி இறங்கிய பிறகு, தண்டின் உச்சியில் சிவப்பும் பச்சையும் கலந்த மணிகளைப் போலப் பூக்கள் கொத்தாகத் தொங்கும்.

பள்ளித் தோட்டங்களில் ரோஜாவுக்குத் தரும் இடத்தில் பாதியை இதற்குத் தர வேண்டும் என்பது என் கட்சி. ஜூலையில் விழா எடுத்துச் செடி நடுகிறோம். மே விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. ஜூனில் பள்ளி திறக்கும்போது குச்சிகள் நிற்கின்றன. கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கும் ஊரில் இந்த வீண்செலவு எதற்கு?

ரணகள்ளியின் சிக்கனம் வெறும் பௌதிகம். ஈரத்துணி பகலில் விரைவில் உலர்கிறது, இரவில் மெல்ல உலர்கிறது அல்லவா? இலைக்கும் அதே கதைதான். பெரும்பாலான செடிகள் கரியமில வாயுவுக்காகப் பகலில் இலைத்துளைகளைத் திறந்து, நீரை ஆவியாக இழக்கின்றன. ரணகள்ளி இரவில் திறக்கிறது. வாங்கிய வாயுவை மாலிக் அமிலமாகச் சேமித்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு சமைக்கிறது. ஒரு கிராம் கரியமில வாயுவைப் பெற நெல் போன்ற பயிர்கள் 400 முதல் 500 கிராம் நீரை இழக்கின்றன; இவ்வகைச் செடிகள் 50 முதல் 100 கிராம்தான். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன், இவ்விலை காலையில் புளிப்பதையும் நண்பகலில் சுவையற்றுப் போவதையும் கண்டு எழுதிய கடிதம் 1815-இல் லண்டனில் வெளியாயிற்று.

பூப்பதற்கும் இச்செடி கணக்கு வைத்திருக்கிறது. நீண்ட பகல்கள் கழிந்து குறும்பகல்கள் வந்தால்தான் மொட்டு விடும். திண்டுக்கல்லில் ஆண்டின் மிக நீண்ட பகல் ஏறக்குறைய 12 மணி 43 நிமிடம். மிகக் குறுகியது 11 மணி 32 நிமிடம். நம் கண்ணுக்குத் தெரியாத இந்தச் சிறு வேறுபாட்டை அது எப்படியோ அளந்துவிடுகிறது!

ஒன்றை மறைக்கக் கூடாது. இது மடகாஸ்கரிலிருந்து வந்த செடி. விழுந்த இலையெல்லாம் வேர்விடுவதால், ஹவாய் போன்ற தீவுகளில் களையாகப் பரவித் தொல்லை தருகிறது. ஆடுமாடுகளுக்கு நஞ்சு. ஆகவே தொட்டியில் வளருங்கள். உதிர்ந்த இலைகளை மேய்ச்சல் நிலத்தில் வீசாதீர்கள். ஹெய்னைப் போல வாயில் வைத்தும் பார்க்க வேண்டாம்.

ஆய்வுக்கூடத்தில் வேறு வழி இருக்கிறது. விடியற்காலையில் பறித்த இலை 5 கிராம். மாலை 4 மணிக்குப் பறித்தது 5 கிராம். பறித்தவுடனேயே ஒவ்வொன்றையும் 25 மில்லி காய்ச்சி வடித்த நீரில் அரைத்து வடிகட்டுங்கள். லிட்மஸ் தாள் போதாது. இரு சாறும் அமிலமாக இருக்கக்கூடும். பினாப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடை ப்யூரெட்டிலிருந்து துளித்துளியாகச் சேருங்கள். இளஞ்சிவப்பு நிலைக்கும் வரை எந்தச் சாற்றுக்கு அதிகக் காரம் செலவாயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். வெயில் நாளில் ஒருமுறையும் மூட்டமான நாளில் ஒருமுறையும் செய்தால் இன்னும் சுவையான எண்கள் கிடைக்கும்.