வீட்டில் கொடுத்தால் வெளியே போக மாட்டானா?

"திருட்டுத்தனமா எங்கேயோ போய்க் குடிக்கிறதுக்கு, நம்ம கண்ணு முன்னாலேயே ஒரு கிளாஸ் குடிச்சிட்டுப் போகட்டுமே." திருவாலங்காடு தொடங்கித் தமிழகத்தின் எந்த ஊர்க் கிடாவெட்டு விருந்திலும் காதில் விழக்கூடிய நியாயம் இது. பத்தாம் வகுப்புப் பையன் கையில் மாமா டம்ளரைக் கொடுக்கிறார். அப்பாவும் தலையாட்டுகிறார், பிள்ளையைக் கைக்குள் வைத்திருக்கும் நினைப்பில்.

அந்த நினைப்பு அடியோடு தவறு.

ஆஸ்திரேலியாவில் ரிச்சர்ட் மாட்டிக் தலைமையிலான குழு, 2010 முதல் 2016 வரை 1,927 பிள்ளைகளையும் பெற்றோரையும் தொடர்ந்து கவனித்தது. பெற்றோர் கொடுத்த மது பிள்ளைகளைக் காத்ததற்கு ஒரு சான்றும் கிடைக்கவில்லை. வீட்டில் மட்டும் வாங்கிக் குடித்தவர்கள் மறு வருடமே வெளியாட்களிடம் வாங்கிக் குடிக்கும் வாய்ப்பு, வீட்டில் கிடைக்காதவர்களைவிட இரு மடங்காக இருந்தது. எந்தக் கதவை அடைப்பதாக அப்பா நம்புகிறாரோ, அதைத் திறந்து விடுவதே அவர்தான்.

"பீர்தானே?" என்பது அடுத்த சமாதானம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் 52 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. 180 மில்லி பிராந்திக் குவார்ட்டரில் இருப்பது 77. ஒரு பீர் குடித்த பையன் முக்கால் குவார்ட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் குடித்திருக்கிறான். இருபது வயது தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கும் மூளை அது.

2015 ஜூலையில் திருவண்ணாமலை மாவட்டத்தில் நான்கு வயதுக் குழந்தைக்கு மது புகட்டும் வீடியோ பரவியபோது தமிழகமே கொதித்தது. புகட்டியவர்கள் குழந்தைக்கு வேண்டியவர்களேதான். நான்கு வயதில் கொடூரமாகத் தெரிவது பதினைந்து வயதில் மட்டும் எப்படிப் பாசமாகிவிடும்?

சட்டத்துக்கு இதில் குழப்பமே இல்லை. தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழ் மது விற்கக் கூடாது. எல்லை தாண்டி ஆந்திராவின் நகரிக்குப் போனாலும் அதே 21தான். மருத்துவர் சொல்லாமல் 18 வயது நிரம்பாதவருக்கு மது கொடுத்தால், 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 77ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டுவரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம். பெற்றோருக்கு அதில் விலக்கு கிடையாது.

டம்ளரில் ஊற்றிக் கொடுப்பது மட்டும்தானா பழக்குவது? கரும்பு வெட்டி வந்த உடம்பு வலிக்கு அப்பா குவார்ட்டரைத் திறக்கிறார். தண்ணீர் பாக்கெட்டும் காராபூந்தியும் வாங்கப் பெட்டிக்கடைக்கு ஓடுகிறவன் மகன். மிச்சச் சில்லறையும் அவனுக்கே. முதல் பாடம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

பெற்றோரே, அந்த வேலைக்குப் பிள்ளையை இனி அனுப்பாதீர்கள். மீசை அரும்பும் முன்பே, "இந்த வீட்டில் உனக்கு மது கிடையாது" என்று காரணத்தோடு சொல்லிவிடுங்கள். குடிக்கும் அப்பாவும் சொல்லலாம். தான் படும் பாட்டை மறைக்காமல் சொன்னால் பிள்ளை கேட்பான். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி கிளம்புகிறவன் யாரோடு போகிறான், எப்போது திரும்புவான் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குடித்துவிட்டு வந்தால் அன்றிரவு அடிக்க வேண்டாம். மறுநாள் தெளிந்த பிறகு உட்கார வைத்துப் பேசுங்கள்.