எந்த மகள் சொல்வது நிஜம்?

'நடிகையர் திலகம்' படத்தை டி.வி.யில் பார்த்துவிட்டு, "சாவித்திரிக்குக் குடிக்கக் கத்துக் கொடுத்ததே ஜெமினிதானாம்" என்று எங்கள் தெருவில் அடித்துப் பேசுகிறார்கள். பாதிப் பேருக்கு சாவித்திரியைத் தெரிந்ததே இந்தப் படத்தில்தான்!

2018-ல் படம் வந்தபோதே ஜெமினி கணேசனின் மகள் டாக்டர் கமலா செல்வராஜ், 'அப்பாவை இப்படிக் காட்டியது தப்பு' என்று வருத்தப்பட்டார். சாவித்திரியின் மகள் விஜய சாமுண்டேஸ்வரியோ படத்தை ஆதரித்தார். ஒரே அப்பாவுக்குப் பிறந்தவர்களே ஆளுக்கொன்று சொன்னால், நாம் எதை நம்புவது? படத்தில் சாவித்திரி கதையைத் தேடிப் போகும் பத்திரிகைப் பெண்ணே கற்பனைதான். எது கற்பனை, எது நடந்தது என்று பிள்ளைகளுக்கு எப்படிப் புரியும்?

2019-ல் வந்த 'குயின்' தொடரில், ஜெயலலிதா கதை என்று ஊருக்கே தெரிந்தும், நாயகிக்கு சக்தி சேஷாத்ரி என்று பெயர் வைத்தார்கள். பெயரை மாற்றினால் கேள்வி கேட்க முடியாது பாருங்கள்!

1968-லேயே 'சின்னாரி பாப்பலு' என்ற தெலுங்குப் படத்தை இயக்கியவர் சாவித்திரி. அதைப் பேச ஆளில்லை. குடியை மட்டும் பேசுகிறோம். தொடர் எடுப்பவர்களே, 'இது குடும்பத்தில் இன்னார் சொன்னது, இது எங்கள் கற்பனை' என்று ஆரம்பத்திலேயே இரண்டு வரி போடுங்களேன்!

- ஒரு வாசகி, அமிர்தி.