கண்ணாடித் தடுப்புக்குக் கணக்குக் கேட்போம்!

மல்லிகை மணக்கும் நிலக்கோட்டையிலும் மாடி கட்டுவோர் இன்று கண்ணாடித் தடுப்பை நாடுகின்றனர். செங்கல் கைப்பிடிச் சுவர் போயிற்று. இரும்புக் கம்பி போயிற்று. படிக்கட்டிலும் பால்கனியிலும் கண்ணாடி வந்துவிட்டது. வரட்டும்! அழகுக்கு நாம் பகைவரல்லர். ஆனால் தோழர்களே, அழகின் விலையைக் கொடுப்பவர் பணம் படைத்தவர். ஆபத்தின் விலையைக் கொடுப்பவர் யார்? விளிம்பில் நின்று அதைப் பொருத்தும் தொழிலாளி! கீழே பூக்கூடை சுமந்து செல்லும் தாய்!

கடைக்காரர், "டஃபன் கிளாஸ், உடையாது" என்பார். உடையும். சூடேற்றிச் சட்டெனக் குளிரவைத்த கண்ணாடி அது; உடைந்தால் கற்கண்டுத் துண்டுகளாய்க் கொட்டிவிடும். குத்தும் காயம் குறையலாம். ஆனால் அதில் சாய்ந்து நின்றவன் கதி என்ன? தடுப்பு இருந்த இடம் வெறும் வெளி! இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியோ, விரிசல் விட்டாலும் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும்.

சான்று வேண்டுமா? 2024 டிசம்பர் 30இல் குமரிமுனையில் திறக்கப்பட்ட 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தைப் பாருங்கள். 2025இல் பராமரிப்பு வேலையின்போது சுத்தியல் விழுந்து ஒரு கண்ணாடி விரிசல் கண்டது, ஆனால் கொட்டிவிடவில்லை. அடுக்கடுக்காய் ஒட்டியிருந்ததே காரணம். கனடாவின் டொராண்டோவில் 2011இல் புதிய அடுக்குமாடிகளின் பால்கனிக் கண்ணாடிகள் தெருவில் உதிர்ந்தன. 2012இல் ஒண்டாரியோ அரசு கட்டட விதியையே திருத்திற்று.

நம் நாட்டில் விதி இல்லையா? இருக்கிறது! 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு மாடிக் கைப்பிடியின் உயரம் ஒரு மீட்டருக்குக் குறையலாகாது என்கிறது; கண்ணாடிக்கென்றே தனிப் பகுதியும் வைத்திருக்கிறது. ஏட்டில் இருக்கும் விதி வீட்டுக்கு வந்ததா என்பதே கேள்வி.

2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, முன்கூட்டிய கள ஆய்வின்றி உடனடி அனுமதி! எளியவர் அலுவலகப் படியேறி அலைவது குறைகிறது, மகிழ்கிறோம். ஆனால் அலுவலர் பாராத மாடியில் கண்ணாடியின் வகையைப் பார்ப்பவர் யார்?

ஆகவே கேட்கிறோம்: சுயசான்றிலேயே தடுப்பின் வகையும் உயரமும் எழுதப்பட வேண்டும். உயரத்தில் லேமினேட்டட் கண்ணாடியே, மேலே உறுதியான கைப்பிடிக் கம்பியோடு பொருத்தப்பட வேண்டும். பொருத்தும் தோழனுக்கு இடுப்புப் பட்டையும், கீழே வலையும் கட்டாயமாக வேண்டும்.

கண்ணாடி உடைந்தால் வேறு வாங்கலாம். உயிரை எந்தக் கடையில் வாங்குவது?